நீட்டிப்பு முதலா, டிரேட் முதலா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு எட்டு நண்பர்கள் ஆளுக்கோர் அணியை நடத்தி விளையாடுகிறோம். என் அணியில் ஒரு இளம் கார்டு (பந்தைக் கொண்டுசெல்லும் ஆட்டக்காரர்), முதல் ஒப்பந்தத்தின் நான்காம் ஆண்டில் இருக்கிறார். சம்பளம் 70 லட்சம் டாலர். சீசன் தொடங்குவதற்கு முன் அவருக்கு ஐந்தாண்டு, 15 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தேன். இப்போது ஒரு நண்பர், 2 கோடி டாலர் சம்பளம் வாங்கும் தன் ஃபார்வர்டை (முன்வரிசை ஆட்டக்காரர்) தருகிறேன், உன் கார்டைக் கொடு என்கிறார். எங்களில் கணக்குப் பார்க்கிறவர் அந்த டிரேட் (வீரர் பரிமாற்றம்) செல்லாது என்று சொல்லிவிட்டார். ஏன் செல்லாது? இன்னொன்று: என் ஆள் ஆட்டத்துக்கு 1.8 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எடுக்கிறார். அவர் நல்ல தடுப்பாட்டக்காரர் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: கணக்குப் பார்க்கிறவர் சொன்னது சரி. நண்பர்கள் சிரிப்பது சரியா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அந்த இரண்டாவது கேள்வியை நீங்கள் கையெழுத்து வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் முதல் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

நீங்கள் மாட்டியிருப்பது 'பாய்சன் பில்', அதாவது விஷ மாத்திரை என்று பெயர் வாங்கிய விதியில். டிராஃப்டில், அதாவது அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் சுற்றில் எடுக்கப்பட்ட வீரர் நான்காம் ஆண்டுக்கு முன் நீட்டிப்பில் கையெழுத்திட்டால், புதிய சம்பளம் அடுத்த ஜூலையில்தான் தொடங்கும். அதற்கு முன் அவரை டிரேட் செய்தால் ஒரே ஆளுக்கு இரண்டு விலை. கொடுக்கும் அணிக்கு அவர் இந்த ஆண்டுச் சம்பளம் மட்டுமே: 70 லட்சம். வாங்கும் அணிக்கோ இந்த ஆண்டையும் வரப்போகும் ஐந்து ஆண்டுகளையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 70 லட்சமும் 15 கோடியும் சேர்ந்து 15.7 கோடி, ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 2.62 கோடி.

இனி சம்பளப் பொருத்தம். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் சம்பள வரம்பைத் தாண்டிய அணி, தான் அனுப்பும் சம்பளத்துக்கு ஓரளவு ஈடாகத்தான் திரும்ப வாங்க முடியும். அந்த வரம்புக்கு மேலே 'முதல் ஏப்ரன்', 'இரண்டாவது ஏப்ரன்' என்று இரண்டு கோடுகள் உண்டு. முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்தால் (2025-26ல் அது 19.59 கோடி டாலர்) கொஞ்சம் சலுகை உண்டு. சிறிய சம்பளத்துக்கு இரண்டு மடங்கும் மேலே 2.5 லட்சமும்; நடுத்தரச் சம்பளத்துக்கு அதே தொகையோடு (2025-26ல்) சுமார் 85 லட்சம் கூடுதல்; பெரிய சம்பளத்துக்கு 125 சதவீதம். உங்கள் கணக்கில் 70 லட்சம் வெளியே போகிறது. அதிகபட்சம் 1.425 கோடிதான் உள்ளே வரலாம். நண்பரின் ஃபார்வர்டு 2 கோடி. அங்கேயே அடைத்துவிட்டது. நண்பர் பக்கம் பார்த்தால், 2 கோடி அனுப்புகிறவர் 2.85 கோடி வரை வாங்கலாம் என்பதால் 2.62 கோடி அவருக்குப் பொருந்துகிறது, அவர் முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்தால்.

சரி, நான் இன்னொரு வீரரையும் சேர்த்து அனுப்புகிறேன் என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் யோசிப்பார்கள். ஒரு கோடி வாங்கும் ஒருவரைச் சேர்த்தால் உங்கள் பக்கம் 1.7 கோடி ஆகி, 2 கோடி ஃபார்வர்டு உள்ளே வந்துவிடுவார். ஆனால் நண்பர் பக்கம் 3.62 கோடி ஆகி அவருக்கு அடைத்துக்கொள்ளும். அவர் இன்னொருவரைச் சேர்த்தால் மறுபடி உங்களுக்கு அடைக்கும். தராசில் ஒரு தட்டில் கல் வைக்க வைக்க மறு தட்டு எழும்பிக்கொண்டே இருக்கும். காரணம், ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் 1.92 கோடி வித்தியாசத்தோடு எண்ணப்படுகிறார். இந்த நடுத்தரச் சம்பளங்களில் சலுகையோ பக்கத்துக்கு 85 லட்சம்தான். வரம்புக்குள் காலி இடம் வைத்திருக்கும் மூன்றாவது அணியை உள்ளே இழுத்தால் தப்பிக்கலாம். எட்டுப் பேரில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் சும்மா வர மாட்டார், ஒரு டிராஃப்ட் பிக்காவது (டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) கேட்பார். யாராவது இரண்டாவது ஏப்ரனுக்கு (2025-26ல் 20.78 கோடி) மேலே இருந்தால் இன்னும் மோசம். அவர்களால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கணக்குக் காட்டவே முடியாது.

நிஜ என்பிஏவிலும் இந்த மாத்திரை சும்மா இருப்பதில்லை. ஜேலன் கிரீன் 2024 அக்டோபரில் ஹூஸ்டனோடு மூன்றாண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டார். கெவின் டுராண்டை வாங்குவதற்கு ஈடாக அவர் ஃபீனிக்ஸ் அணிக்குப் போகிறார் என்ற செய்தி 2025 ஜூனில் வந்தது. டிரேட் அதிகாரபூர்வமானது ஜூலை 6ஆம் தேதி. அதற்குள் ஜூலை பிறந்து, புதிய சம்பளம் தொடங்கி, இரண்டு விலை ஒரே விலையாகியிருந்தது.

அனுபவ வீரர்களின் கதை வேறு. அங்கே பாய்சன் பில் கிடையாது, ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அவர்களின் நீட்டிப்பு பழைய சம்பளத்தின் 140 சதவீதத்தில் தொடங்கலாம், ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறலாம். 2024ல் ஜேலன் பிரன்சன் நியூயார்க்கோடு போட்ட நான்காண்டு, 15.65 கோடி டாலர் ஒப்பந்தம் அந்த வரம்பின் உச்சியிலேயே நின்றது. ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்தாண்டுக்கு 26.9 கோடி வரை கேட்டிருக்கலாம் என்பதால்தான் அப்போது அவ்வளவு பேச்சு. டிரேடில் இடம் மாறிய வீரருக்கு உடனே அந்த 140 கிடைக்காது. முதல் ஆறு மாதத்துக்கு 120 சதவீதம், 5 சதவீத ஏற்றம், மீதமிருக்கும் ஒப்பந்தத்தையும் சேர்த்து நான்கு ஆண்டு, அவ்வளவுதான். இதே எல்லையைத் தாண்டி நீட்டிப்பு வாங்கியவரை ஆறு மாதத்துக்கு டிரேட் செய்யவும் முடியாது.

லூகா டோன்சிச் விஷயத்தில் இது நாள் பிசகாமல் நடந்தது. டாலஸ் அவரை லேக்கர்ஸுக்கு அனுப்பியது 2025 பிப்ரவரி தொடக்கத்தில். அவர் லேக்கர்ஸோடு நீட்டிப்பில் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. நடுவில் சரியாக ஆறு மாதம். மூன்றாண்டு ஒப்பந்தம், சுமார் 16 கோடி டாலர், கடைசி ஆண்டு ஆடுவதா விலகுவதா என்பது அவர் விருப்பம். 2018ல் லீகுக்குள் வந்தவர் என்பதால் 2028 கோடையில் பத்தாண்டு முடிகிறது. அப்போது சம்பள வரம்பில் 35 சதவீதம் கேட்கும் தகுதி வரும். அந்தக் கோடையில் வெளியே வரத்தான் அந்த மூன்றாண்டு. டாலஸிலேயே இருந்திருந்தால் ஐந்தாண்டு, ஏறக்குறைய 34.5 கோடி டாலர் சூப்பர்மேக்ஸ், அதாவது உச்சபட்ச ஒப்பந்தம் கிடைத்திருக்கும். அணி மாறியதும் அந்தத் தகுதி போய்விட்டது. அதை அவர் தானாக விட்டுக்கொடுக்கவில்லை. டிரேட் நடந்தது அவருக்கே அதிர்ச்சி.

அந்த டிரேடுக்கு அன்றைய டாலஸ் மேலாளர் நிகோ ஹாரிசன் சொன்ன காரணத்தைத்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்காக எடுத்துக்கொள்கிறேன். தடுப்பாட்டம்தான் கோப்பையை வெல்லும் என்பது தன் நம்பிக்கை என்றார். லூகாவைக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கினார். டேவிஸ் பெரிய தடுப்பாட்டக்காரர், லூகா அப்படியில்லை. இரண்டும் உண்மை. ஆனால் அதே லூகாவை வைத்துத்தான் டாலஸ் 2024ல் இறுதிப்போட்டி வரை போனது. சீசன் நடுவில் டேனியல் கேஃபோர்டும் பி.ஜே. வாஷிங்டனும் வந்து சேர்ந்த பிறகு அணியின் தடுப்பு இறுகியது. ஒருவர் சுமாராகத் தடுத்தாலும் மற்ற நால்வர் சரியாக அமைந்தால் அதை மறைக்கலாம். மறைக்க முடியாத அளவுக்கு எதிரணி அவரைத் தேடி வருகிறதா என்பதுதான் கேள்வி.

தடுப்பாட்டத்துக்கு விலையே உண்டு என்பதற்கு இவான் மோப்லியைப் பாருங்கள். 2024 கோடையில் கிளீவ்லேண்டோடு அவர் போட்ட ஐந்தாண்டு நீட்டிப்பு சம்பள வரம்பில் 25 சதவீதத்தில் தொடங்குவது: 22.4 கோடி டாலர். ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கிடைத்தால் 30 சதவீதம் என்று அதில் எழுதியிருந்தது. 2025ல் விருது வந்தது. ஒப்பந்தம் சுமார் 26.9 கோடி ஆனது. ஊடகக்காரர்கள் போட்ட வாக்கில் நாலரைக் கோடி டாலர்! இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்த ஆண்டு விருதுக்கு முன்னணியில் இருந்தவர் விக்டர் வெம்பன்யாமா. தோளில் ரத்தக்கட்டு வந்து 46 ஆட்டத்தோடு அவர் சீசன் முடிந்தது. விருதுக்கு 65 ஆட்டம் வேண்டும். ஒருவரின் உடல்நலம் இன்னொருவரின் வங்கிக் கணக்கைத் தீர்மானித்தது. மோப்லி தகுதியில்லாதவர் என்று சொல்லவில்லை, அவர் அருமையான தடுப்பாட்டக்காரர்தான்.

இப்போது உங்கள் 1.8 ஸ்டீல். ஸ்டீல் நல்லதுதான். டைசன் டேனியல்ஸ் 2024-25ல் 229 ஸ்டீல் எடுத்தார், ஆட்டத்துக்கு மூன்று. அவர் அசல் தடுப்பாட்டக்காரர். ஆனால் ஸ்டீல் பட்டியலில் எழுதப்படுவது வெற்றிகள் மட்டும். பந்துக்குப் பாய்ந்து தவறவிட்டு, ஐந்து பேர் நான்கு பேராகி, எதிரணி எளிதாகப் புள்ளி எடுத்தது எந்தப் பட்டியலிலும் வராது. நானும் பல வருடம் ஸ்டீல் வரிசையைப் பார்த்துத்தான் கார்டுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு கார்டு பாய்ந்து தவறியதை மட்டும் ஐந்து ஆட்டம் எண்ணிப் பார்த்தேன். அதற்கப்புறம் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிளாக்கும், அதாவது எதிரணியின் ஷாட்டைக் கையால் தட்டித் தடுப்பதும், அதே மாதிரிதான். நாய் இருக்கிற வீட்டில் திருடன் ஏற மாட்டான். எத்தனை பேரைக் கடித்தது என்று கணக்குப் பார்த்தால் நாய் சும்மா சோறு தின்கிற மாதிரித்தான் தெரியும். ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அதில் பாதிக்கு மேல் யாரும் அடிக்காத ஷாட்டுகளுக்காக என்பது என் எண்ணம். வளையத்தை நோக்கி வந்தவன் அவரைப் பார்த்துவிட்டு பந்தை வெளியே திருப்பி அனுப்புகிறான். அந்த நொடி புள்ளிவிவரத்தில் இல்லை.

ஒருவர் தடுத்து நிற்கும்போது எதிரணி ஷாட்டுகளில் எத்தனை சதவீதம் உள்ளே விழுந்தது என்று ஒரு எண் சுற்றும். மூன்று புள்ளி ஷாட்டுகளுக்கு அதை நம்பாதீர்கள். தடுப்பவர் கை உயர்த்தி நிற்பது அவர் வேலை. பந்து விழுந்ததா இல்லையா என்பதில் பெரும்பங்கு அன்றைய அதிர்ஷ்டம். வளையத்துக்கு அருகே உள்ள ஷாட்டுகளில் அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, அதுவும் உயரமானவர்களுக்கு. களத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் அணி எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்ற கணக்கு இன்னும் நல்லது. ஆனால் யாரோடு ஆடினார், அவருக்குப் பதில் யார் இறங்கினார் என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். கூட ஆடுகிறவர்களின் பலத்தைக் கழித்துக் கணக்கிடும் அளவுகோல்கள் உண்டு. அவையும் ஒரு சீசனில் தள்ளாடும், இரண்டு மூன்று சீசன் சேர்த்தால்தான் நிற்கும்.

அதனால் பார்த்துவிடுங்கள். உங்கள் கார்டின் மூன்று ஆட்டங்களில் கடைசிக் கால்பகுதியை மட்டும் எடுங்கள், அவை நெருக்கமான ஆட்டங்களாக இருக்கட்டும். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். முதலில் கஷ்டமாக இருக்கும், கண் தானாகப் பந்துக்கு ஓடும். எதிரணியின் நட்சத்திரம் ஸ்கிரீனுக்கு (தன்னைக் காப்பவரின் வழியைச் சக வீரர் வந்து மறிப்பது) யாரைக் கூப்பிடுகிறார்? உங்கள் ஆள் காவலிருக்கும் வீரரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், எதிரணிப் பயிற்சியாளர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். ஸ்டீல் எண்ணிக்கையை விட அந்தப் பதில் பெரியது, ஏனென்றால் அவர்கள் சம்பளத்துக்கு இதைச் செய்கிறவர்கள். அடுத்து, ஸ்கிரீனில் இவர் என்ன செய்கிறார்? தோளைச் செருகிக் கூடவே வருகிறாரா, இடித்து நின்றுவிடுகிறாரா? பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது ஒரு கால் பெயிண்டுக்குள் (வளையத்தடிப் பகுதி) வைத்து உதவிக்குத் தயாராக நிற்கிறாரா, தன் ஆளோடு ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாரா? எதிரணியின் முதல் தர ஸ்கோரரை இவரிடம் ஒப்படைக்கிறார்களா, மூலையில் நிற்கும் ஆளிடம் ஒளித்து வைத்திருக்கிறார்களா? சொந்தப் பயிற்சியாளரே ஒளித்து வைத்தால் நண்பர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

இதைச் செய்ய உங்களுக்கு ஜூலை வரை நேரம் இருக்கிறது. மூன்றாவது அணி கிடைக்காவிட்டால் அதுவரை அவரை நகர்த்தவே முடியாது. 8 சதவீத ஏற்றத்தோடு ஐந்தாண்டுக்கு 15 கோடி என்றால் முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 2.59 கோடி. புது சீசனின் டிரேடுகள் ஜூலை 6ஆம் தேதி திறந்ததும் இரண்டு பக்கத்துக்கும் அந்த ஒரே விலைதான். நண்பர் 2 கோடி ஃபார்வர்டை அனுப்பி 2.59 கோடியை வாங்குவது, அவர் முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்து, டிரேடுக்குப் பிறகும் அங்கேயே நின்றால் செல்லும். மேலே இருந்தால் அவர் இன்னும் 59 லட்சத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். கைகுலுக்குவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்த ஃபார்வர்டின் ஒப்பந்தம் இந்த ஜூன் 30ஆம் தேதியோடு முடிகிறதா? முடிகிறதென்றால் ஜூலையில் உங்களுக்குக் கொடுக்க அவரிடம் ஆளே இருக்காது.