பேக்கப் டி டிரைவில், பில் கனவில்

கேள்வி: கிளினிக்கில் எட்டு வருஷமாகப் பயன்படுத்தும் மென்பொருளை மாற்ற நினைக்கிறேன். நோயாளிகளின் பழைய விவரங்களை எடுத்துத் தர 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அதுவும் பிடிஎஃப்-ஆகத்தான் தருவார்களாம். நியாயமா?
– பொது மருத்துவர், கும்பகோணம்

பதில்: அநியாயம், டாக்டர். உங்கள் கையால் எழுதியதை உங்களுக்கே விற்கிறார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி உங்களைக் கட்டிப்போடுகிறது. மென்பொருள்காரரைக் கட்டிப்போடுவது, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டும்தான். அதில் டேட்டா பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, தேடுங்கள்.

பிடிஎஃப்-ஐ வாங்கி என்ன செய்வது? 1.பிடிஎஃப், 2.பிடிஎஃப் என்று ஆயிரக்கணக்கில் வந்து விழும். ‘பெனிசிலின் அலர்ஜி’ என்ற வரி அதில் எங்கோ கிடக்கும். புது மென்பொருளுக்கு அது கண்ணில் படாது. ஒவ்வொரு விவரமும் தனித்தனிக் கட்டத்தில் வரும் சிஎஸ்வி கோப்பாகக் கேளுங்கள்.

நானும் சூடுபட்டவன்தான். டாங்கிள் என்ற சின்ன யுஎஸ்பி சாவியைச் செருகினால்தான் திறக்கும் கணக்கு மென்பொருள் ஒன்றை 12,000 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் கடையைக் கட்டினார், டாங்கிளும் செத்தது, ஆறு வருஷக் கணக்கு உள்ளேயே போயிற்று. அந்த டாங்கிள் இப்போது என் ஸ்கூட்டர் சாவியில் தொங்குகிறது.

பிழைப்புக்காகத் தனியாக கிளினிக் நடத்துபவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் என்று வாதாட இடமுண்டு. முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும்.

கேள்வி: கிளினிக் மென்பொருளில் ‘ஆபா’ (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) இணைப்பு உண்டு என்கிறார் டீலர். நம்பலாமா?
– குழந்தை மருத்துவர், தேனி

பதில்: உங்கள் சொந்த 14 இலக்க ஆபா எண்ணைக் கொடுத்து, ஒரு மருந்துச் சீட்டை உங்கள் எதிரிலேயே அதில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். “அடுத்த அப்டேட்டில் வரும் சார்” என்றால், பணமும் அடுத்த அப்டேட்டில் வரும் என்று சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: மென்பொருளுக்கான மூன்று வருஷச் சந்தாவை விற்பனைப் பிரதிநிதியின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பினேன். பில் தரவில்லை, இப்போது போனும் எடுப்பதில்லை.
– தோல் மருத்துவர், ஓசூர்

பதில்: சீட்டு இல்லாமல் வரும் நோயாளியைத் திட்டுவீர்கள்தானே? பணம் போன அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்றாவது சொல்லுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.

கேள்வி: விண்டோஸ் 7 நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றது. மாற்றுங்கள்.

கேள்வி: தினமும் தவறாமல் பேக்கப் எடுக்கிறேன், அதே கணினியின் டி டிரைவில். போதாதா?
– பல் மருத்துவர், திருப்பூர்

பதில்: ஹார்ட் டிஸ்க் போனால் சி-யும் டி-யும் கைகோத்துக்கொண்டு போகும். இன்று மாலையே வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் பேக்கப் எடுத்து முடித்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு நோயாளியின் ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா, எனக்கு மறுபடி எழுதுங்கள்.