தெருவிளக்கடியில் பூக்காத அவரை

கேள்வி: கோண்டாவிலில் எங்கள் வளவில் மதிலோரம் பந்தல் போட்டு ஊர் அவரை நட்டேன். கிணற்றடிப் பக்கத்துக் கொடிகள் கார்த்திகையிலேயே பூத்துவிட்டன. இப்போது காய் பறிக்கிறோம். ஒழுங்கைப் பக்கத்துக் கொடிகளோ தை பிறந்தும் ஒரு பூக்கூட இல்லாமல் தழைத்து நிற்கின்றன. எல்லாம் ஒரே விதை, ஒரே நாளில் நட்டவை. யூரியா போடலாமா? அயலவர்கள் கண்ணூறு என்கிறார்கள்.

பதில்: யூரியாப் பையைத் தொடாதீர்கள். தழைச்சத்து கூடினால் கொடிதான் இன்னும் ஓடும். நீங்கள் அனுப்பிய படத்தில், மதிலுக்கு மேலால் ஒழுங்கை மின்கம்பத்தின் எல்.இ.டி. விளக்கு தெரிகிறது. கண்ணூறு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கம்பத்தில்தான் இருக்கிறது.

ஊர் அவரை குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் பூப்பது. பெயர் அப்படி இருந்தாலும் அது உண்மையில் கணக்கெடுப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடுதான். இவ்வளவு சிறிய வேறுபாடு செடிக்குத் தெரியுமா என்று பலர் கேட்பதுண்டு. மலாக்காவில் ‘சியாம் 29’ என்ற நெல்லினத்தைச் சோதித்தபோது, ஜனவரியில் விதைத்தது பூக்க 329 நாள் எடுத்தது. செப்டம்பரில் விதைத்தது 161 நாளில் பூத்தது. அங்கே ஆண்டு முழுவதும் பகல் நீளம் மாறுவது 14 நிமிடம் மட்டுமே! வெப்பவலயத் தாவரங்கள் இந்த விடயத்தில் மகா கஞ்சர்கள். நிமிடக் கணக்கில் பார்க்கும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது நம் ஊருக்கு நெருக்கமான புகையிலைதான். அமெரிக்காவில் ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற இனம் கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. பகல் நேரத்தைச் செயற்கையாகக் குறைத்ததும் பூத்தது. கார்னர், அலார்ட் என்ற இருவர் 1920இல் அதை வெளியிட்டார்கள். (எல்லாப் புகையிலையும் அப்படி அல்ல, பெரும்பாலான இனங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை.)

இருட்டை அளப்பது கொழுந்து அல்ல, இலை. இலைக்குள் பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் ஒரு மின் ஆளியைப் (சுவிட்ச்) போல வேலை செய்கிறது. ஏறக்குறைய 660 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டால் அது இயங்கு நிலைக்கு வரும்; 730 அளவிலுள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்; இருட்டிலும் மெல்ல மெல்லத் திரும்பும். செடிக்கென்று ஏறக்குறைய 24 மணி நேர உட்கடிகாரமும் உண்டு. நள்ளிரவை ஒட்டி, செடி ஒளியைத் தாங்காத சில மணி நேரங்களை அந்தக் கடிகாரம் வகுத்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் பைட்டோகுரோம் இயங்கு நிலையில் இருந்தால் ‘இரவு இன்னும் நீளவில்லை’ என்று இலை முடிவு செய்துவிடும். அப்போது பூத்தூண்டல் புரதம் உண்டாகாது. அந்தப் புரதம்தான் இலையிலிருந்து உரியம் என்ற, உணவைக் கொண்டு செல்லும் குழாய் வழியே கொழுந்துக்குப் போய் மொட்டு வைக்கச் சொல்வது. அது இன்னதென்று 2007இல் நெல்லிலும் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுகூடச் செடியிலும் உறுதியாயிற்று. நள்ளிரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே நெல்லில் அதன் உற்பத்தி அடங்கிவிடுகிறது. உங்கள் கொடிக்கோ விடிய விடிய வெளிச்சம்.

பழைய மஞ்சள் மின்குமிழைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் பைட்டோகுரோம் விழித்துக்கொள்ளும். நிலாவைப் பற்றியும் கவலை வேண்டாம். பூரணையில்கூட அதன் ஒளி ஒரு லக்ஸை எட்டாது. விளக்கடியில் படும் ஒளி அதைவிடப் பல மடங்கு.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒழுங்கைப் பக்கத்தில் ஒரு கொடியை மட்டும் தெரிந்தெடுத்து, பொழுதுபட்டதும் அதன் இலைகள் எல்லாம் மறையத் தடித்த கறுப்புத் துணியையோ இரட்டைச் சாக்கையோ போர்த்துங்கள், விடிந்ததும் எடுத்துவிடுங்கள். பகலிலும் மூடி வைத்தால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நுனியை மட்டும் மூடிப் பயனில்லை. வெளிச்சம் படும் இலைகள் காரியத்தைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று கிழமை ஓர் இரவும் விடாமல் செய்தால் மொட்டு தெரிய வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். மார்கழியிலிருந்தே இரவு குறுகத் தொடங்கிவிட்டது, மாசி முடிந்தால் பகலைவிடவும் குறைந்துவிடும்.

நிலையான தீர்வு மறைப்புத்தான். முன்பு ஆளுயரக் கிடுகு வேலிகள் இந்த வேலையைச் சொல்லாமலே செய்தன. நாம் அவற்றைப் பிடுங்கிவிட்டு இடுப்பளவு மதில் கட்டினோம். மதிலுக்கு மேல் கிடுகோ பனையோலையோ கட்டி, விளக்குக்கும் பந்தலுக்கும் நடுவே நேர்கோட்டை மறையுங்கள். வளவுப் பக்கம் ஒளி விழாதபடி விளக்குக்கு ஒரு தகடு பொருத்தித் தரும்படி பிரதேச சபைக்கு எழுதுவதும் நியாயமான கோரிக்கைதான். விளக்கையே அணைக்கச் சொல்லாதீர்கள், ஒழுங்கையில் ஆட்கள் நடக்க வேண்டும்.

அடுத்த பருவத்தில் அவரையைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டு மதிலோரத்தில் கத்தரியோ தக்காளியோ நடலாம். அவை இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. அங்கேயும் அவரைதான் வேண்டுமென்றால் பகல் நீளத்தால் பாதிக்கப்படாத, கொடி ஓடாமல் புதராக வளரும் குற்றவரை (குத்தவரை) இனம் கிடைக்குமா என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். ஊர் அவரை விதையைக் கைவிடாதீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை.