மைனர் லீக் பேஸ்பால் கூட்டத்தால் நகர மையத்துக்கு லாபம் உண்டா?

மைனர் லீக் என்பது அமெரிக்காவில் பெரிய லீக்குக்கு ஆட்டக்காரர்களைத் தயார்ப்படுத்தும் கீழ்மட்டப் போட்டி. அதனால் லாபம் உண்டு, ஆனால் ஸ்டேடியம் கட்டச் சொல்பவர்கள் காட்டும் அளவுக்கு இல்லை.

முதலில், ஆட்டத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று அணிகள் சொல்லும் 'வருகை' எண்ணையே கொஞ்சம் சந்தேகிக்கலாம். அறிவிக்கப்படுவது பெரும்பாலும் விற்ற டிக்கெட் கணக்கு. வாசலைத் தாண்டி உள்ளே வந்த தலைகள் அதைவிடக் குறைவு. மைனர் லீக்கின் நடுத்தர மட்டங்களில் ஒன்றான ஹை-ஏ-வில் ஓர் அணிக்கு ஆண்டுக்குச் சுமார் 66 உள்ளூர் ஆட்டங்கள்தான். மற்ற நாட்களில் பக்கத்து ஓட்டல்காரர் என்ன செய்வார்? மேலும், உள்ளூர்க் குடும்பம் ஆட்டத்தில் செலவழிக்கும் காசு, இல்லாவிட்டால் அதே ஊர் சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ போயிருக்கும். ஊருக்குப் புதுப் பணம் வருவதில்லை, இடம்தான் மாறுகிறது.

சரி, அந்த இடமாற்றமே சில ஊர்களுக்குப் பெரிய விஷயம். ஒஹாயோ மாநிலத்தின் மைனர் லீக் அணியான டேட்டன் டிராகன்ஸ் 2000-இல் தொடங்கியதிலிருந்து டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தே ஆடியது. 2011 ஜூலையில், கூடைப்பந்து அணியான போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்த்த சாதனையை முறியடித்தது. பெரிய லீக் அணிகளுக்கே வாய்க்காத தொடர்ச்சி இது! வேலை முடிந்ததும் வெறிச்சோடும் நகர மையத்துக்குப் புறநகர்க் குடும்பங்கள் ராத்திரியில் வருவதுதான் இதில் உண்மையான வரவு.

ஆனால் பலன் உடனே வந்துவிடாது. வட கரோலினாவின் டர்ஹமில் மைனர் லீக் அணிக்குப் புது ஸ்டேடியம் 1995-இல் திறந்தது. எதிரே மூடிக் கிடந்த புகையிலை ஆலை அலுவலகங்களும் உணவகங்களுமாக உயிர்பெற்றது 2004-இல்தான். நடுவே ஒன்பது ஆண்டுகள்! அதற்கும் தனியார் முதலீடு தனியாகத் தேவைப்பட்டது.