வாசல்வரை கார் போகும் அமைதி

அன்புள்ள ஐயா,

செந்தூலிலிருந்து எழுதுகிறேன். போன பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனோம். வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் நெரிசல், பாதி நாள் காரிலேயே கழிந்தது. கெந்திங் மலை பற்றிச் சொல்லவே வேண்டாம். கூட்டமில்லாத, அதிகம் பேருக்குத் தெரியாத மலைகள் நம் மலேசியாவில் எவை? அம்மாவும் வருவதால் கார் வாசல்வரை போக வேண்டும். சைவச் சாப்பாடும் இணைய வசதியும் இருந்தால் நல்லது. பேசாமல் தமிழ்நாட்டுக் கொல்லிமலைக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. நம் எழுத்தாளர்கள் ஏன் மலைகளைப் பற்றி எழுதுவதில்லை?

ச.

அன்புள்ள ச.,

எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். டிக்கெட் போடுமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்வியை அப்படித் தள்ள முடியவில்லை. எங்கள் பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை என்கிற பினாங்கு ஹில்லுக்குக் கேபிள் கார் வேலை ஆரம்பித்ததிலிருந்து இதுதான் மண்டையைக் குடைகிறது.

உங்கள் நிபந்தனைகளை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். ஆள் வரக்கூடாது, ஆனால் கார் வாசல்வரை வரவேண்டும். உங்கள் கார் ஏறுகிற பாதையில் அடுத்தவன் கார் ஏறாதா தம்பி? யாருக்கும் தெரியாத மலையில் உங்களுக்காக மட்டும் ஒருவர் சாம்பார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? ரிங்லெட்டில் உங்கள் முன்னால் நின்ற அத்தனை பேரும் அமைதியைத் தேடி வந்தவர்கள்தான்.

கொடிமலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. என் சின்ன வயதில் அதில் போவதே ஒரு நாள் வேலை. பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். அம்மாவுக்கு ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் என் சட்டைக் காலர். பெட்டி மாறுகிற இடத்தில் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், நான் அதில் கையை வைத்துவிட்டு அவர் கழுத்தில் வைப்பேன். மேலே போகப்போகக் காது அடைக்கும். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மலைக்கு வந்திருக்கிறோம் என்று உடம்புக்கு உறைக்க அந்த அரைமணி நேரம் தேவைப்பட்டது.

2011இல் புது வண்டி விட்டார்கள். பெட்டி மாறவேண்டாம், சில நிமிடங்களில் உச்சி. முட்டிவலிக்காரர்களுக்கு நல்லதுதான், மறுக்கமாட்டேன். ஆனால் விடுமுறை நாளில் கீழே வரிசையில் நிற்கிற நேரத்துக்குப் பழைய வண்டியில் போய்ச் சேர்ந்து ஒரு தேநீரும் குடித்திருக்கலாம். அதே மலையை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மேலே போகிறவர்களில் பாதிப்பேர் படம் எடுத்து, ஐஸ் கச்சாங் தின்று இறங்கிவிடுகிறார்கள். நிலையத்தை விட்டு மேற்கே அரைமணி நேரம் நடந்தாலே காடு. நடக்கத்தான் ஆளில்லை.

பிரேசர் மலையைப் பல வருடம் காப்பாற்றியது ஒரு கேட். கேப் என்கிற இடத்திலிருந்து மேலே சுமார் எட்டுக் கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. ஒரு மணி நேரம் ஏறுகிறவர்களுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிறவர்களுக்கு என்று அப்போது திறந்துவிடுவார்கள். தவறவிட்டால் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. (அந்த மலைக்குப் போகிற வழியில்தான் 1951இல் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயர் கொண்ட பினாங்கு கர்னி டிரைவில் உட்கார்ந்து பாசெம்பூர் சாப்பிடுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?) பொறுமை இல்லாதவன் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். காத்திருந்தவனுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து சியாமாங் குரங்குகள் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு கத்துவது கேட்கும். அங்கே ஒரு வகைக் குக்குறுவான் பறவை உண்டு, அலகின் மேல் நெருப்பு நிறத்தில் ஒரு குஞ்சம். அது கூவினால் சில்வண்டு என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். காரின் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்காமல் இதெல்லாம் எப்படிக் கேட்கும்? இப்போது நீங்கள் கேட்பது கேட் இல்லாத மலை. கேட்டை எடுத்துவிட்டால் அங்கே வருவதும் கேமரன் மலைக் கூட்டம்தான்.

சரி, பெயர் கேட்டீர்கள். தைப்பிங்கில் புக்கிட் லாருட், பழைய மேக்ஸ்வெல் மலை. சொந்தக் காரை மேலே விடமாட்டார்கள், அரசாங்க ஜீப்தான். தைப்பிங்கின் மழை உலகம் அறிந்தது. மண்சரிந்து பாதையை மூடிவிடுவதும் உண்டு, ஜீப் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜீப் குலுக்கல் அம்மாவுக்கு ஆகாது என்றால் கெடாவில் குனோங் ஜெராய், 1,217 மீட்டர், கார் ஏறும். ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் அதன் அடிவாரம்தான் என்பார்கள். பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில் இடிபாடுகளையும் அப்படியே பார்த்துவிடலாம். வார நாளில் போங்கள்.

சைவத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், மறுநாள்வரை தாங்கும். லாருட்டில் நடப்பதாக இருந்தால் அம்மாவுக்கு முழங்கால்வரை காலுறை வாங்கிக் கொடுங்கள். மழைக்குப் பிறகு அட்டை அதிகம். இணைய வசதி பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.