மாத்திரை அட்டைக்கு ‘மக்கும் ஃபிலிம்’ வாங்கலாமா?

ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தர மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பொறுப்பில் இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: “ஐரோப்பாவில் எங்கள் சரக்கை எடுப்பவர், சுற்றுச்சூழலுக்காக பேக்கிங்கில் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் முதலாளி, மக்கும் ஃபிலிம் விற்கும் ஒருவருக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருக்கிறார். பாராசிட்டமால், மெட்ஃபார்மின், ஆஸ்பிரின், பான்டோபிரசோல் நான்கும் ஓடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?”

முதலில் அந்த அட்வான்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், செலவைக் குறைக்கிறோம் என்று ஆஸ்பிரின் அட்டைக்கு பிவிடிசி (ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் பூச்சு) பூசிய ஃபிலிமை விட்டுவிட்டு, பூச்சில்லாத வெறும் பிவிசி பிளாஸ்டிக்குக்கு மாறினோம். மழைக்காலம் முடிந்து திரும்பி வந்த சரக்கில் ஒரு அட்டையைப் பிதுக்கினேன். குப்பென்று வினிகர் வாடை. ஈரம் உள்ளே போய் ஆஸ்பிரின் உடைந்து அசிட்டிக் அமிலம் வந்துவிட்டது. மொத்த பேட்சும் எரிப்பதற்குப் போனது. ஒரு மாத்திரை கெட்டால் அதன் மூலப்பொருள், கரைப்பான், மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் குப்பைக்குப் போகிறது. அதோடு ஒப்பிட்டால் அட்டையில் இருக்கும் பிளாஸ்டிக் கொஞ்சம்தான். அதனால் மருந்து பேக்கிங்கில் முதல் கேள்வி, உள்ளே இருப்பது கெடாமல் நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேருமா என்பதுதான். மக்குவதும் மறுசுழற்சியும் அதற்கு அப்புறம்.

மக்கும் ஃபிலிம்களில் பெரும்பாலும் பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) வகைதான் கையில் கொடுப்பார்கள். அது ஈரத்தைத் தடுப்பதில் பலவீனம். நம்ம ஊர் வெயிலுக்கும் கடற்கரை ஈரக்காற்றுக்கும் அது தாங்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 250 மைக்ரான் வெறும் பிவிசி, 38 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 கிராம் நீராவியை உள்ளே விடும். சதுர மீட்டருக்கு 90 கிராம் பிவிடிசி பூச்சு இருந்தால் அது சுமார் 0.3 கிராமுக்கு இறங்கிவிடும். விற்பவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள், மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 சான்றிதழையும் கேளுங்கள். இரண்டையும் கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போனால் உங்களுக்கே புரிந்துவிடும். சான்றிதழ் இருந்தாலும், அந்த ஃபிலிம் மக்குவது தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டில்தான், வீட்டுத் தோட்டத்துக் குழியில் இல்லை. மேலே அலுமினிய ஃபாயில் ஒட்டிய அட்டையை எந்த உரக்கூடமும் எடுக்காது என்பது தனி.

அதற்காக பிவிசியே நல்லது என்று சொல்ல வரவில்லை. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். அலுமினியத்தோடு ஒட்டிக் கிடப்பதால் பழைய பேப்பர் கடைக்காரர்கூட அட்டையைக் கையில் வாங்க மாட்டார், நேராகக் குப்பை மேட்டுக்குத்தான் போகும். குப்பை மேடு எரிந்தால், 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்ததே, அந்த மாதிரிப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் கலந்திருக்கும். நெடுநாள் வழி பிபி (பாலிபுரோப்பிலீன்) அல்லது பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) ஃபிலிமுக்கு மாறுவது, முடிந்தால் மேல்மூடியும் அதே பிளாஸ்டிக்கில். பிபி ஈரத்தையும் பிவிசியைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் மெஷின் ஆட்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: பிபிக்கு ஃபார்மிங் (ஃபிலிமில் குழி வார்ப்பது) சூட்டில் விளையாட இடமே கிடையாது, இரண்டு மூன்று டிகிரி தவறினாலும் மாத்திரை உட்காரும் பாக்கெட் சரியாக விழாது. ஆறும்போது சுருங்கி அட்டை வளையும், கூலிங் பிளேட் வேண்டும், வேகமும் குறையும். பழைய மெஷினில் ஒரே வாரத்தில் முடிகிற வேலை இல்லை.

இந்த மாதமே தொடங்கக்கூடியது அட்டையின் அளவு. ஒரு அட்டையை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பத்து மாத்திரைக்கு 110க்கு 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை அப்படியே இருக்க, பாக்கெட்டுகளை நெருக்கி 95க்கு 38 ஆக்கினால் பரப்பு 27 சதவீதம் குறைகிறது. ஃபிலிம், ஃபாயில், கார்ட்டன், ஷிப்பர் (கார்ட்டன்களை அடுக்கி அனுப்பும் பெரிய பெட்டி), லாரியில் இடம் எல்லாமே கூடவே குறையும். செலவு புது சேஞ்ச் பார்ட்ஸுக்கு (மெஷினில் அளவுக்கேற்ப மாற்றும் அச்சுகளுக்கு) மட்டும். பாக்கெட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே சீலிங் அகலத்தை 3 மில்லிமீட்டருக்குக் கீழே விடாதீர்கள். முதல் நாள் ஓட்டத்தில் மெத்திலீன் நீலத் தண்ணீரில் அட்டைகளை மூழ்கவைத்து வெற்றிடத்தில் லீக் டெஸ்ட் பாருங்கள். ஒரே ஒரு மாத்திரையில் நீலம் ஏறியிருந்தாலும் அந்த டிசைன் வேண்டாம்.

அடுத்தது அலு-அலு, அதாவது இரண்டு பக்கமும் அலுமினியம் போட்ட அட்டை. பான்டோபிரசோலுக்கு வேண்டும், இருக்கட்டும். பாராசிட்டமாலுக்கு வேண்டவே வேண்டாம். “பார்க்க ரிச்சாக இருக்கிறது” என்று மார்க்கெட்டிங் ஆட்கள் கேட்பதற்காகப் போடும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கி எடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் போகிறது. அலு-அலு பாக்கெட்டைச் சூடில்லாமல் இழுத்து வார்ப்பதால் பள்ளம் அகலமாகத்தான் விழும், அட்டையும் பெரிதாகும். கார்ட்டனுக்கு மேல் பளபளவென்று பிளாஸ்டிக் லேமினேஷன் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு நீர் வார்னிஷ் போடுங்கள். லேமினேஷனோடு காகித ஆலைக்குப் போனால் கூழாக்குவது சிரமம்.

மருந்துக்கடையில் நின்று கவனித்திருக்கிறீர்களா? “நாலு மாத்திரை குடுங்க” என்றதும் கத்தரி வந்துவிடும். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதி தேதி இன்னொரு துண்டில். மிச்சம் வீட்டு டப்பாவில் கிடந்து, எது என்னவென்று தெரியாமல் குப்பைக்கோ கழிவறைக்கோ போய், கடைசியில் தண்ணீரில் கலக்கிறது. ஃபாயிலில் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்னாலும் பெயரும் அளவும் வரட்டும், பேட்ச் எண்ணும் தேதியும் முடிந்தவரை திரும்பத் திரும்ப வரட்டும். செலவு அதிகமில்லை, வீணாவது குறையும்.

பேக்கிங்கின் அளவு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தின் கதை போதும். மாட்டுக்குப் போட்ட அந்த ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. ஆனாலும் மனிதருக்கென்று விற்ற 30 மில்லி குப்பி மாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது, ஏனென்றால் ஒரு மாட்டுக்கு ஒரு குப்பியே தாராளம். 2015-இல் மத்திய அரசு, மனிதருக்கான ஊசியை 3 மில்லி ஒற்றை டோஸாக மட்டும் விற்கவேண்டும் என்றது. அதை எதிர்த்த வழக்கை 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மருந்தில் ஒரு மூலக்கூறுகூட மாறவில்லை, மாறியது குப்பியின் அளவு. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் கழுகுகள் வட்டமிடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மாத்திரைக்கு மேல்பூச்சு போடும் கோட்டிங் அறை. இன்னும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), எம்டிசி (மெத்திலீன் குளோரைடு) என்ற கரைப்பான்களைக் கலந்து கோட்டிங் செய்கிறீர்கள் என்றால், அட்டையில் மிச்சம் பிடிப்பதைவிட அங்கே செய்யவேண்டியது பெரிது. தெளித்த எம்டிசி அநேகமாக முழுவதும் எக்ஸாஸ்ட் வழியாக ஊர்க் காற்றுக்குத்தான் போகிறது, அதற்கு முன் மாத்திரை சுழலும் கோட்டிங் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பையனின் நுரையீரலுக்குப் போகிறது. மெட்ஃபார்மினை நீர்க் கோட்டிங்குக்கு மாற்றுங்கள். உள்ளே வரும் காற்றின் சூடும் நேரமும் கூடும், ஒரு பேட்சுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அதிகம் பிடிக்கலாம். மாற்றியவர்கள் யாரும் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை.

சரி, ஐரோப்பாவில் சரக்கு எடுப்பவர் கேட்டதற்கு என்ன பதில் எழுதுவது? ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கிங் விதி 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும். 2030-இலிருந்து பேக்கிங் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்பேக்கிங்குக்கு அதில் விலக்கு உண்டு, கார்ட்டனுக்கும் ஷிப்பருக்கும் பொதுவாகக் கிடையாது. எனவே கார்ட்டன் லேமினேஷனை எடுத்தது, அட்டையின் பரப்பைக் குறைத்தது இரண்டையும் கிராம் கணக்கில் எழுதுங்கள். “பசுமை”, “மக்கும்” என்ற சொற்கள் கடிதத்தில் வேண்டாம், அவர்கள் எடைபோட்டுப் பார்ப்பார்கள். பிபிக்கு மாறும் ஆய்வு தொடங்கிவிட்டது என்றும் எழுதலாம், உண்மையிலேயே தொடங்கிவிட்டு. பாராசிட்டமாலில் மூன்று பேட்ச் பிபி அட்டையில் அடைத்து, 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பத சேம்பரில் வையுங்கள், அதே மாத்திரையை இப்போதைய அட்டையிலும் பக்கத்திலேயே. ஆறு மாதம் கழித்து இரண்டு ரீடிங்கையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.