குளிரில் மோட்டார் சைக்கிளில் கேமரன் மலைக்கு வரலாமா? ரிங்லெட்டில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் கிள்ளான் பக்கத்துத் தம்பி என்று நினைக்கிறேன். 150 சிசி வண்டி, டிசம்பர் விடுமுறை, கூட வரும் நண்பர்கள் எல்லாம் இருக்கிறார்கள். குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறார். அதோடு, “ரிங்லெட் ஏரிக்கரையில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை வழியில் இருக்கிற வெறும் ஊர்தானா” என்றும் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. அந்த வெறும் ஊரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். விடியற்காலையில் ஏரியோரச் சாலையில் மோட்டார் ஓட்டித்தான் வேலைக்குப் போகிறேன். பழைய ஹோண்டா இஎக்ஸ்5. பெண் எழுதுகிறாளே, இவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வருகிறவர்கள், மழை பெய்யும் நாளாகப் பார்த்துத் மலையடிவாரத் தாப்பாவிலிருந்து என் பின்னால் ஏறி வந்துவிட்டுப் பிறகு கேட்கலாம்.

குளிரை முதலில் முடித்துவிடுகிறேன். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே எங்கள் மலையில்தான்: 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1. ஆனால் அது எப்போதோ ஒரு நாள். வழக்கமான விடியற்காலை 15, 16 டிகிரியில் நிற்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற அண்ணன்மார் இதைப் படித்துவிட்டு, “15 டிகிரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் காருக்குள் சூடேற்றிக்கொண்டு போகிறவர்கள். அங்கே மோட்டார் ஓட்டுகிறவர்களும் குளிர் என்று தெரிந்து அதற்கென்று உடுத்திக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். நம் ஆள் ஜீன்சும் டி-சட்டையும் போட்டுக்கொண்டு 33 டிகிரி வெயிலில் தாப்பாவில் எண்ணெய் நிரப்புகிறான். முதுகெல்லாம் வியர்வை. அங்கிருந்து ரிங்லெட் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். வியர்த்த சட்டை, மேலே மலைமழை, அதற்கு மேல் ஓட்டத்தின் காற்று. ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும் வேகம் காற்றைவிடப் பல மடங்கு. தண்ணீரின் வெப்பங்கடத்தும் திறன் காற்றினுடையதைப் போல சுமார் 25 மடங்கு என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 10 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 5 டிகிரியாகத்தான் படும். அதுவும் காய்ந்த உடம்புக்குச் சொன்ன கணக்கு. நனைந்த உடம்புக்கு அது பொருந்தாது.

என் மாமா மகன் ஒருவன் இருக்கிறான். அவனும் கிள்ளான்தான். சில வருடங்களுக்கு முன் புத்தம் புதிய ஒய்15 மோட்டார் வாங்கிய ஜோரில், முன்கூட்டிச் சொல்லாமல் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டான். காற்றோட்டத்துக்காக வலைத்துணியில் தைத்த ஜாக்கெட் போட்டிருந்தான். வெயில் ஊருக்கு அது அருமையான உடுப்பு. லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை, “இன்னும் கொஞ்ச தூரந்தானே” என்று ஓட்டியிருக்கிறான். அந்தக் கொஞ்ச தூரம் முழுக்க வளைவு. ரிங்லெட் கடைத்தெருவில் எங்கள் உரக்கடை வாசலில் வந்து வண்டியை நிறுத்தினான். நிறுத்தினான் என்று சொல்லக்கூடாது, தூணில் சாய்த்தான். பக்கத்தாங்கியை இறக்கவே கால் வரவில்லை.

“அக்கா, தொப்பியைக் கழற்றிவிடு” என்றான். நான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். தாடைக்குக் கீழே தலைக்கவசப் பட்டையின் பூட்டை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய கட்டைவிரல் பூட்டின் மேல் போய் உட்கார்கிறது, ஆனால் அமுங்கவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, நகத்தடி நீலம் பாய்ந்து கிடந்தது. நான்தான் அமுக்கிக் கழற்றினேன். பல் அடித்துக்கொண்ட சத்தம் உரமூட்டைக்குப் பின்னால் இருந்த முதலாளிக்கே கேட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குளிர் பட்டதும் உடம்பு தன் இரத்தத்தை நடு உடம்புக்கு இழுத்துக்கொள்கிறது. கைகால் விரல்களைக் கைவிட்டுவிடுகிறது. பிரேக் பிடிப்பதும் அதே விரல்கள்தான். அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவன் எத்தனை வளைவில் காய்கறி லோரிக்கு எதிரே வந்தான் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. முதலாளி நல்ல எண்ணத்தில் ஒரு மடக்கு சம்சு சாராயம் கொடுக்கலாமா என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். குடித்தால் தோலுக்கு இரத்தம் ஓடி வந்து சூடு போலத் தெரியும். உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். ஈரத் துணியைக் கழற்ற வைத்து, கடையில் காய்ந்து கிடந்த கோணிச் சாக்கைப் போர்த்தி, இனிப்பு தூக்கலாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கையைக் கொதிநீரில் வைக்கப் போனவனையும் தடுத்தேன். மரத்த கைக்கு எது சுடுகிறது என்றே தெரியாது, வெந்துவிடும்.

மறுநாள் அவனை இறக்கி அனுப்பியது என் அப்பா. அப்பாவின் முறை தோட்டத்து முறை. பனியனுக்கு மேல் நெஞ்சோடு ஒட்டித் தமிழ் நாளிதழ் நாலு தாள், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஜாக்கெட்டை முன்பின் மாற்றி, எல்லாவற்றுக்கும் மேல் பத்து வெள்ளிக்கு வாங்கிய மழைக்கோட்டு. ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வதைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் புகைப்படம் எடுப்பார்கள். ஆனால் ஜிப் வழியாக நெஞ்சுக்குள் புகும் காற்றுக்கு அதைவிட நல்ல அடைப்பு கிடையாது. பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர்கள் பின்னூட்டத்தில் வந்து, விழுந்தால் அது காப்பாற்றாது என்பார்கள். சரிதான். காசு இருக்கிறவர்கள் நல்ல ஜாக்கெட் வாங்கிக்கொள்ளட்டும். லயத்தில் எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. கைக்குச் சந்தையில் விற்கும் ரப்பர் கையுறை, அதற்குள் ஒரு பருத்திக் கையுறை. பார்க்க அசிங்கம். விரல் அசையும்.

தம்பி, மழைக்கோட்டை மழை வந்தபின் போடாதீர்கள். தாப்பாவிலிருந்து ஏறத் தொடங்கியதும், பழங்குடியினர் பெத்தாய்க் காயும் தேனும் விற்கும் கொட்டகைகள் வருமே, அங்கேயே நின்று போட்டுவிடுங்கள். வியர்த்த சட்டையையும் அங்கேயே மாற்றிவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குளிர் போய்விடும்.  டயரில் கீழே காற்று சரியாக இருந்தாலும் ரிங்லெட்டில் ஒரு முறை பாருங்கள். மூடுபனியில் உயர்விளக்கு போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், தாழ்விளக்கே போதும். இறங்கும்போது கியரிலேயே இறங்குங்கள். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற புத்திசாலிகளை வளைவுக் கால்வாயில் பார்த்திருக்கிறேன். தோட்டத்து மண்சாலை பெரிய சாலையில் சேருமிடமெல்லாம் லோரி டயரிலிருந்து உதிர்ந்த சேறு கிடக்கும். ஈரமானால் அதன் மேல் பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் ஒன்றுதான். டிசம்பருக்குப் பதில் பிப்ரவரி முடியுமானால் நல்லது. விடியல் இன்னும் குளிராக இருக்கும், ஆனால் மழை குறைவு. நான் சொன்னதுதானே, ஈரம்தான் ஆளைக் கொல்லும்.

இனி அந்த “வெறும் ஊர்”.

நீங்கள் ஏரி என்று கேட்டது இயற்கை ஏரி அல்ல. பெர்த்தாம் ஆற்றைத் தடுத்துச் சுல்தான் அபு பக்கார் அணை கட்டினார்கள், 1963-இல். தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி ஜோர் மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. ஊரைத் தாண்டித் தானா ராத்தாவுக்குப் போகும் வழியில் சாலை ஏரியை ஒட்டியே போகிறது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போகையில் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். இப்போது பெருமழைக்குப் பிறகு வந்து பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் நிற்கும். ஓரங்களில் ஆகாயத்தாமரை. மேலே சரிவுகளை வெட்டிக் காய்கறிக்கும் பூவுக்கும் பிளாஸ்டிக் கூரை போட்டுவிட்டார்கள். கூரையில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்காமல் ஒரே ஓட்டமாக ஓடி மண்ணையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கு வருகிறது. வாரி எடுக்க எடுக்க வண்டல் சேர்கிறது. ஏரி ஆழம் இழந்தால் மழைநீரைத் தாங்க இடம் ஏது? 2013 அக்டோபரில் மழை கொட்டி, அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. செய்தியில் இரண்டு வாரம் வந்தது, பிறகு ஸ்ட்ராபெரி பற்றிய செய்திகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

“அந்தப் பிளாஸ்டிக்கையும் உரத்தையும் விற்கிற கடையில்தானே உனக்குச் சம்பளம்” என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம். இங்கே காய்கறியைத் தொடாத சம்பளம் யாருக்கு இருக்கிறது? நகரத்தில் இந்த முட்டைக்கோசைச் சாப்பிடுகிறவர்கள் முதலில் பதில் சொல்லட்டும்.

ஊரும் மாறிவிட்டது. சுங்கை கோயான் சாலை வந்தபின் ரிங்லெட் ஒரு சந்திப்பாகிவிட்டது. பகாங் உள்நாட்டிலிருந்து ராவுப் வழியாக வருகிறவர்கள் எங்கள் கடைத்தெருவில்தான் வந்து முட்டுகிறார்கள். காப்பிக் கடையில் முன்பு தமிழும் சீனமும் கேட்கும். இப்போது வங்காளமும் நேப்பாளியும் கேட்கிறது. கொழுந்து பறிக்கிற கைகள் அவர்களுடையவைதான். குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகள் படித்துக் கோலாலம்பூருக்குப் போனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? கேமரன் தேயிலை என்றால் 1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் தொடங்கியது என்று எல்லாப் பெட்டியிலும் கதை இருக்கிறது. காட்டை அழித்து வரிசை பிடித்து நட்டவர்களின் பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

இங்கே எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். அப்பா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. ஒரு தோட்டத்தின் கதையும் இல்லை இது. ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள், ஒரே கதைதான். வீடு வேலைக்குத்தான், ஆளுக்கு அல்ல. அப்பா வாசலில் வைத்த கொய்யாவும் மாட்டுக் கொட்டகையும் கணக்கில் வராது. வெளியே வாடகைக்குப் பார்த்தால், சுற்றுலா வந்ததிலிருந்து ஒவ்வொரு காலி வீடும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலை வைத்த தங்குமிடமாகிவிட்டது. இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே உழைத்தவருக்குத் தலைசாய்க்க இடம் தேடி நான் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. கடைசியில் கிடைத்த வீட்டுக்குப் பின்பக்க ஜன்னல் இல்லை. அப்பா இருக்கிறார், அதுதான் பெரிது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். ரிங்லெட்டில் நில்லுங்கள். மேலே பிரிஞ்சாங் ஊரில் இருக்கிற கூட்டமும் பொம்மைக் கடையும் இங்கே இல்லை. காலையில் காய்கறி ஏற்றுகிற லோரிகள், ஈரச்சந்தை, சூடான ரொட்டி சானாய், ஏரியோரச் சாலை, இவ்வளவுதான். ஹாபு சந்திப்பில் வலது பக்கம் தேயிலைக்குள் போகிற ஒற்றைச் சாலையில் காலை எட்டு மணிக்கு முன் போங்கள். பிறகு கார்கள் வந்து எதிரும் புதிருமாக மாட்டிக்கொள்ளும். திரும்பும்போது சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கினால் சாலை அகலம், வளைவு நிதானமாக இருக்கும். நனைந்து வந்தவனுக்கு அதுதான் நல்லது. சுங்கை கோயான் வழியாக இறங்குவதென்றால் ரிங்லெட்டிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மட்டும் வராதீர்கள்.