தங்கையின் மைக்

கேள்வி: எனக்கு 28 வயது. திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக் காலத்திலிருந்தே வீடியோ கேம் ஆடுகிறேன். எந்த ஆட்டமாக இருந்தாலும் பெண் பாத்திரத்தைத்தான் எடுப்பேன். இப்போது பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் என் பாத்திரத்தின் பெயர் கயல்விழி. திரையில் அவளைப் பின்பக்கமாகத்தான் பார்க்க முடியும். முடி, உடை எல்லாம் பார்த்துப் பார்த்து அமைத்திருக்கிறேன். போன மாதம் என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "யார் இவள்?" என்று கேட்டாள். "மணிக்கணக்கில் ஒரு முதுகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அது பெண்ணின் முதுகாக இருக்கட்டுமே" என்று விளையாட்டாகச் சொன்னேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விஷயம் மாமியார் வரைக்கும் போய், "மாப்பிள்ளைக்கு ஏதாவது குறையா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. கூட ஆடும் நண்பர்கள் இரண்டு பேரும் கேலி செய்கிறார்கள். வெளியாட்கள் சில சமயம் என்னைப் பெண் என்று நினைத்து அசிங்கமாகப் பேசுவார்கள். நான் மைக்கைப் போட்டு ஒரு வார்த்தை பேசினால் அடங்கிவிடுவார்கள். இத்தனைக்கும் எங்களோடு ஆடும் என் தங்கை (கல்லூரி இரண்டாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறாள்) ஆண் பாத்திரம்தான் எடுப்பாள், மைக்கையும் போடமாட்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என்னை மட்டும் ஏன்? என்னிடம் ஏதாவது கோளாறு இருக்கிறதா? பாத்திரத்தை மாற்றிவிடலாமா? மனைவிக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது, சொன்னாலும் புரியாது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கயல்விழியின் சட்டை, தொப்பி, துப்பாக்கி என்று தனியாக ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல் வெட்டிவிட்டேன். மனைவியின் பெயர் கடிதத்தில் எங்கும் இல்லை. தங்கையின் பெயரும் இல்லை. தங்கைக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு பாய் விரித்து உட்காரவைத்து, இரண்டு வரியில் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள்.

நீங்கள் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். வருடத்துக்கு நாலைந்து முறை வரும் கேள்வி இது. ஒரு சமயம் அம்மா எழுதுவார், ஒரு சமயம் மனைவி. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாகப் பிஜிஎம்ஐ வந்ததும் கடிதங்களும் வந்துவிட்டன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டம் ஆடுகிறவர்களை வைத்துச் செய்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. அதில் ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் உருவம் எடுத்திருந்தார்கள். பெண்களில் ஆண் உருவம் எடுத்தவர்கள் 7 சதவீதம். அந்த ஆண்கள் அழகான கூந்தலாகத் தேடி எடுத்தாலும் நடமாட்டம் மட்டும் மாறவில்லையாம். பெண்களைவிட அதிகமாகத் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்களாம். உங்கள் மாமியாருக்கு ஆய்வெல்லாம் வேண்டாம் என்றால் சென்னையில் அவ்வை சண்முகம் சாலை இருக்கிறது, வரும்போது காட்டுங்கள். டி.கே. சண்முகம் என்ற ஆண் ஔவையார் வேடம் போட்டார். அந்தக் கிழவியின் பெயர் அவருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு, இன்றைக்குத் தெருப்பலகையிலும் நிற்கிறது. நீங்கள் வேறு மாதிரியானவராகவே இருந்தாலும் அது குறை இல்லை. அந்தச் சொல்லை உங்கள் மாமியார் திரும்ப எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்த முதுகுக் கதையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்துக் கோர் டிசைன் நிறுவனம் டூம் ரெய்டர் ஆட்டத்தில் லாரா கிராஃப்ட் என்ற நாயகியை ஓடவிட்டதே, அந்தக் காலத்திலிருந்து பையன்கள் சொல்லும் பதில் இது. முதுகைப் பார்க்கிறவன் பெயர் யோசித்துக்கொண்டிருக்க மாட்டான். கயல்விழியை நீங்கள் வேடிக்கை பார்க்கவில்லை, வளர்த்திருக்கிறீர்கள். அதை நண்பர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆண்கள் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடும் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டீர்கள். அதையே கொண்டுபோய் எட்டு மாதத்துப் பெண்டாட்டியிடம் கொடுத்தால்? இன்னொருத்தியின் முதுகைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்று புருஷன் சொல்கிறான். அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான். அவள் கோபம் பாத்திரத்தின் மேல் இல்லை. "எனக்கு இவளைப் பிடித்திருக்கிறது, ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுத் தோசை ஊற்றப் போயிருப்பாள்.

இது போதும். இனி தங்கை.

"அவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லை" என்று ஒரு மனக்குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு ஏதோ சலுகை கிடைத்துவிட்டது போலவும் உங்களுக்குக் கிடைக்காதது போலவும். அதற்கு மேலேயே நீங்கள் எழுதியிருக்கும் வரியைத் திரும்பப் படியுங்கள். வெளியாட்கள் அசிங்கமாகப் பேசுவார்கள், நான் மைக்கைப் போட்டதும் அடங்கிவிடுவார்கள். உங்களுக்கு அந்த மைக் ஒரு கதவு. திறந்துகொண்டு வெளியே வந்துவிடலாம். அவள் அதே மைக்கைப் போட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, நடுவில் ஒரு நொடிகூடப் பேனா நிற்கவில்லையா உங்களுக்கு?

என்ன ஆகும் என்பதை நான் பார்த்தேன். போன கோடையில் என் அக்கா பேரன் பக்கத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான். நால்வர் குழு. இவனும் இவன் நண்பனும், கூடவே முன்பின் தெரியாத இரண்டு பேர். கொஞ்ச நேரம் எல்லோரும் எதையோ பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது தெரியாதவர்களில் ஒருத்தி பேசினாள். சின்னக் குரல். "வலப்பக்கம், கிணற்றுக்குப் பின்னால் இரண்டு பேர்." அவ்வளவுதான் சொன்னாள். நாலாவது ஆள் உடனே, "ஏய், பெண்ணா? எந்த ஊர்?" என்றான். அவள் மறுபடியும், "வலப்பக்கம்" என்றாள். அவன் அவளுடைய நம்பரைக் கேட்டான். பிறகு அவன் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. திரை ஓரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மைக் படத்தின் மேல் ஒரு கோடு விழுந்தது. வலப்பக்கத்தில் உண்மையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு நிமிடத்தில் நால்வரும் செத்தார்கள்.

"இது என்னடா?" என்றேன். "எப்போதும் நடக்கிறதுதான் பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தான். நல்ல பையன்தான். உங்களைப் போல.

எங்கள் வீட்டில் தொலைபேசி வைத்த புதிதில் நாங்களும் இதைக் கற்றுக்கொண்டோம். மணி அடித்தால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்போம். எதிரில் இருப்பவர் முதலில் பேசட்டும். தெரிந்த குரல் என்றால் பதில் சொல்வோம், இல்லை என்றால் வைத்துவிடுவோம். முதலில் நாம் "ஹலோ" சொல்லிவிட்டால் அந்த நம்பருக்கு ஒரு வாரத்துக்கு ராத்திரி பகலாக அழைப்பு வரும். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா நிற்பதைப் பார்த்து அக்கா நின்றாள், அக்காவைப் பார்த்து நான். என் அண்ணன் மட்டும் எடுத்ததும் சத்தமாகப் பேசுவான். நாங்கள் ஏன் ஊமையாக நிற்கிறோம் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று வரைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ரஸ்ட் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016இல் அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். நீ ஆணா பெண்ணா என்று கேட்காமல், கணக்கு எண்ணை வைத்து ஆட்டமே உருவத்தை ஒதுக்கிவிடும். பிடிக்காவிட்டாலும் மாற்ற முடியாது. பெண் உடல் வாய்த்த ஆண்கள் பலர் கொதித்துப்போனார்கள். நான் ஆண், என்னை எப்படிப் பெண்ணாக ஆடச் சொல்லலாம் என்று சண்டை. அதற்கு முன்னால் எத்தனை ஆட்டங்களில் ஆண் நாயகன் மட்டுமே இருந்தான், அதையெல்லாம் பெண்கள் வாயைத் திறக்காமல் ஆடினார்களே என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. உங்களுக்கு ஒதுக்கீட்டுத் தொல்லை இல்லை. விரும்பி எடுத்தீர்கள் கயல்விழியை. உங்கள் தங்கை தன் உருவத்தை விரும்பி எடுத்தாளா, ஒளிந்துகொள்ள எடுத்தாளா?

எனக்குத் தெரியாது. விரும்பியே எடுத்திருக்கலாம். அப்படியானால் அவளும் அந்த உருவத்தை வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் கயல்விழியை வைத்துக்கொள்வதுபோல. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் கட்டி நந்தனாராக நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் குரலுக்குத்தான் அவ்வளவு பணமும். வேடம் ஆணுடையது, குரல் அவருடையது. ஆகவே உருவத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. நான் கேட்பது மைக்கைப் பற்றி.

இன்னொன்றும் கேட்கிறேன். நால்வர் குழுவில் நீங்கள், தங்கை, உங்கள் நண்பர்கள் இரண்டு பேர். வெளியாள் யாரும் இல்லாத நாளிலாவது அவள் பேசுகிறாளா? "மைக்கையும் போடமாட்டாள்" என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முகம் தெரியாதவனுக்குப் பயந்து மட்டும் அவள் அணைக்கவில்லை. நண்பர்கள் உங்களைக் கேலி செய்கிறார்கள் என்றீர்களே, கயல்விழியைப் பற்றி என்னென்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம், ஊகிக்க முடிகிறது. அதையெல்லாம் விடுதிக் கட்டிலில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு உங்கள் தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் அணைத்து வைத்திருப்பது மைக்கை மட்டும்தான், தம்பி. காது திறந்துதான் இருக்கிறது. அவர்கள் சிரிக்கும்போது அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தது அதில் விழுந்திருக்கும்.

எனக்குச் சில பழைய பிடிவாதங்கள் உண்டு, மாற்றிக்கொள்கிற வயதும் தாண்டிவிட்டது. உங்கள் பக்கத்தில் சீர் செய்வதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. நாளைக்குத் தங்கை கல்யாணத்தில் முன்னால் நிற்பீர்கள். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் என்று மடியை விரித்து உட்காருவீர்கள். அந்த உரிமை தட்டும் தாம்பாளமும் வாங்குகிற அன்றைக்கு வருவதில்லை. ஒரு சாதாரண ராத்திரி பதினொரு மணிக்கு, உங்கள் சேக்காளி வாயைத் திறக்கும்போது, "டேய், என் தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்று சொன்னீர்களா இல்லையா என்பதில் இருக்கிறது. உங்கள் தங்கை இல்லாத ராத்திரியிலும் அவன் அப்படிப் பேசக்கூடாது என்று சொல்லும் தைரியம் வந்தால் இன்னும் மரியாதை.

கடிதம் கையில் கிடைத்த சூட்டோடு, "இனிமேல் நீ தைரியமாக மைக்கைப் போட்டுப் பேசு" என்று அவளுக்கு உபதேசம் செய்யப் போய்விடாதீர்கள். அது அவள் கண்டுபிடித்துக்கொண்ட பாதுகாப்பு. அதைப் பிடுங்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆட்டத்துக்கு வெளியே, சாதாரணமாகப் போன் செய்து, ஏன் பேசமாட்டாய் என்று கேளுங்கள். அவள் "ஒன்றும் இல்லை அண்ணா" என்பாள். நம்பாதீர்கள். இன்னொரு நாள் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அசிங்கமாகப் பேசுகிற வெளியாளைப் பற்றிப் புகார் கொடுக்க ஆட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்களை அவன் பெண் என்று நினைத்துத் திட்டியபோது ஒருமுறையாவது புகார் கொடுத்தீர்களா? ஆண் குரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் ஒரு நிஜப் பெண்ணிடம் போயிருப்பான்.

பாத்திரத்தை மாற்ற வேண்டாம். கயல்விழி அங்கேயே நிற்கட்டும்.

நண்பர்களிடம் பேசுங்கள். வாயை அடக்க முடியாது என்று ஒருவன் முறுக்கிக்கொண்டு போனால் போகட்டும், நாலாவது இடத்துக்கு ஆள் தேட வேண்டாம். பக்கத்து அறையில் உங்கள் மனைவி இருக்கிறார். அவருக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளே தெரியாதவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டுதானே இத்தனை நாள் ஆடினீர்கள்.